ஸ்டாட்ஸ்ல எங்க மாட்டிக்கிட்டீங்க? சைக்காலஜி படிக்கறவங்களுக்கு அறிகுறி பாத்து சரி பண்ற வழி

சைக்காலஜி எடுக்கற நெறைய பேரு பிளஸ் டூல மேத்ஸ் இல்லாத குரூப்புல இருந்து வர்றாங்க, மனசைப் பத்தி படிக்கப்போறோம்னு ஆசையா வந்து உக்காந்தா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் ஒண்ணு முன்னாடி நிக்குது, அதுல ஒரு அரியர் விழுந்துட்டா "எனக்கு மேத்ஸே வராது"ன்னு தானே முடிவு கட்டிடறாங்க. அந்த முடிவு பெரும்பாலும் தப்பு. ஜூனியர்ஸ் கொண்டு வர்ற ஷீட்டை வாங்கிப் பாத்தா கணக்குல தப்பினது கொஞ்சமாத்தான் இருக்கும், தன் டேட்டால ஒரு ரோ யாரு, ஒரு காலம் (மேல இருந்து கீழ போற கட்டம்) எதை அளக்குதுன்னு பாக்காமலே டெஸ்டுக்கு தாவினதுதான் அதிகமா இருக்கும். கீழ அறிகுறி அறிகுறியா எழுதியிருக்கேன், உங்களுக்கு எது பொருந்துதோ அங்க நேரா போயிடுங்க.

ஃபார்முலாவை பாத்தாலே கை ஓட மாட்டேங்குது

சிக்மான்னா கூட்டு, அவ்ளோதான். எக்ஸ் தலை மேல கோடு போட்டிருந்தா சராசரி. இந்த ரெண்டை விட்டா முதல் செமஸ்டர் ஃபார்முலால புதுசு எதுவும் கெடையாது, மீதியெல்லாம் கழிக்கறது, ஸ்கொயர் பண்றது, வகுக்கறது, ரூட் எடுக்கறது. மார்க் போறது பெரும்பாலும் ஒரே எடத்துலதான்: ஒவ்வொண்ணையா ஸ்கொயர் பண்ணி கூட்டறதும், கூட்டிட்டு மொத்தத்தை ஸ்கொயர் பண்றதும் ஒண்ணுன்னு நெனைச்சுக்கறாங்க. 2, 4, 4, 6, 9ன்னு அஞ்சு பேரோட ஸ்கோர் இருக்குன்னு வைங்க. ஸ்கொயர் பண்ணி கூட்டினா 4, 16, 16, 36, 81, மொத்தம் 153. கூட்டிட்டு ஸ்கொயர் பண்ணா 25ஓட ஸ்கொயர், 625. இதை 5 ஆல வகுத்து 125, அதை 153ல இருந்து கழிச்சா 28. ஸ்கோருங்க எவ்ளோ சிதறியிருக்குன்னு சொல்ற வேரியன்ஸ் கணக்கோட மேல் பாதி இதுதான். வகுக்க மறந்து 625ஐ அப்படியே கழிச்சீங்கன்னா விடை மைனஸ்ல போய் நிக்கும். வேரியன்ஸ் எந்த டேட்டாவுக்கும் மைனஸ்ல வராது, வந்தா பேனாவை வச்சுட்டு பிராக்கெட் எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க.

கைல போட்டா ஒரு விடை, எக்செல்ல வேற விடை

அதே அஞ்சு ஸ்கோரை எடுத்துக்குவோம். சராசரி 5. சராசரில இருந்து ஒவ்வொருத்தரும் எவ்ளோ தள்ளி இருக்காங்கன்னா −3, −1, −1, 1, 4. ஸ்கொயர் பண்ணி கூட்டினா அதே 28. இதை 5 ஆல வகுத்தா 5.6, ரூட் எடுத்தா 2.37. 4 ஆல வகுத்தா 7, ரூட் எடுத்தா 2.65. ரெண்டுமே ஸ்டாண்டர்ட் டீவியேஷன்தான், உங்ககிட்ட இருக்கறவங்கதான் மொத்த ஆளுங்களுமேன்னா முதல் கணக்கு, அவங்க ஒரு சாம்பிள்தான், அவங்களை வச்சு வெளிய இருக்கறவங்களைப் பத்தி பேசப்போறீங்கன்னா ரெண்டாவது. எக்செல்ல எஸ்டிடெவ் டாட் பி போட்டா 2.37 வரும், எஸ்டிடெவ் டாட் எஸ் போட்டா 2.65 வரும். எஸ்பிஎஸ்எஸ், ஜமோவின்ற ஸ்டாட்ஸ் சாஃப்ட்வேர் ரெண்டும் கேக்காமலே 2.65தான் குடுக்கும்.

ஏன் ஒண்ணு கழிக்கறோம்னு கேட்டா "டிகிரி ஆஃப் ஃப்ரீடம்"னு மனப்பாடமா சொல்லிட்டு நிக்காதீங்க, மேல இருக்கற நம்பரையே பாருங்க. சராசரில இருந்து தள்ளி இருக்கற அளவுகளை கூட்டினா எப்பவும் பூஜ்யம்தான் வரும். முதல் நாலு −3, −1, −1, 1, கூட்டினா −4. அப்போ அஞ்சாவது ஆள் 4 ஆத்தான் இருந்தாகணும், அவருக்கு வேற வழியே இல்ல. சுதந்திரமா மாறக்கூடியது நாலுதான், அதனால நாலு ஆல வகுக்கறோம். இதை ஒரு தடவை கைல போட்டுப் பாத்தவங்களுக்கு பின்னாடி ரெண்டு சராசரியை ஒப்பிடற டி டெஸ்டுல டிஎஃப் (அதே டிகிரி ஆஃப் ஃப்ரீடம்) வரும்போது பயமே இருக்காது.

ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் ஸ்டாண்டர்ட் எரரும் குழம்புது

முதலாவது, ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் எவ்ளோ வேறுபடறாங்கன்னு சொல்லுது. ரெண்டாவது, நீங்க கண்டுபிடிச்ச சராசரியை எவ்ளோ நம்பலாம்னு சொல்லுது. ஐக்யூ டெஸ்டுல சராசரி 100, டீவியேஷன் 15. 25 பேரை எடுத்தா ஸ்டாண்டர்ட் எரர் 15 வகுத்தல் 25ஓட ரூட்டான 5, அதாவது 3. 100 பேரை எடுத்தா 15 வகுத்தல் 10, 1.5. ஆளுங்க ஜாஸ்தியானதால யாரும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போயிடல, டீவியேஷன் அதே 15 பக்கத்துலதான் நிக்கும், சராசரியோட நிச்சயம் மட்டும்தான் கூடுது. பேப்பர்ல கிராஃப் பாக்கும்போது சராசரிக்கு மேலயும் கீழயும் நீளற அந்த சின்ன கோடுங்க (எரர் பார்) எதைக் காட்டுதுன்னு கீழ எழுதியிருக்கறதை படிச்சுட்டுத்தான் பேசணும்.

எந்த டெஸ்ட் போடறதுன்னு தெரியல

இதுதான் எல்லாரும் வந்து நிக்கற எடம், அதனால கொஞ்சம் நிதானமா போவோம். புக்ஸ்ல பெரிய கிளை கிளையா ஒரு படம் போட்டிருப்பாங்க, அதை மனப்பாடம் பண்ணாதீங்க. உங்க ஆராய்ச்சிக் கேள்வியை ஒரே வரில தமிழ்ல எழுதுங்க. "யோகா செஞ்ச அப்புறம் அதே பசங்களோட ஸ்ட்ரெஸ் கொறையுதா?" இப்போ அந்த வரிகிட்டயே கேளுங்க: நான் அளக்கறது நம்பரா, இல்ல ஆமா-இல்லன்னு வகையா? எத்தனை குரூப்பை ஒப்பிடறேன்? அதே ஆளுங்களை ரெண்டு தடவை அளந்தேனா, வேற வேற ஆளுங்களா?

மேல இருக்கற கேள்வில அளக்கறது நம்பர், அதே ஆளுங்க, ரெண்டு தடவை. அப்போ பேர்டு டி டெஸ்ட். ஹாஸ்டல் பசங்க ஒரு குரூப்பு, வீட்டுல இருந்து வர்ற பசங்க ஒரு குரூப்புன்னா ஆளுங்க வேற வேற, இண்டிபெண்டன்ட் டி டெஸ்ட். மூணு குரூப்புன்னா அனோவா. ரெண்டு பக்கமும் வகைதான்னா, ஹாஸ்டலா வீடா, கவுன்சிலிங் போனாங்களா போகலையான்னு, கை ஸ்கொயர் டெஸ்ட். ரெண்டுமே நம்பர்னா, தூங்கற நேரமும் ஆங்சைட்டி ஸ்கோரும், கோரிலேஷன். முதல் வருஷ டேட்டால முக்கால்வாசி இதுக்குள்ள அடங்கிடும்.

இதுல அடிக்கடி நடக்கற ஒரு தப்பை ஷீட்டை பாத்தே புடிக்கலாம். 20 பேரை முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அளந்திருப்பாங்க, ஆனா எக்செல்ல ஒண்ணு கீழ ஒண்ணா 40 ரோவா அடிச்சு, பக்கத்துல 1, 2ன்னு குரூப் நம்பர் போட்டு இண்டிபெண்டன்ட் டெஸ்ட் ஓட்டியிருப்பாங்க. அவுட்புட்ல டிஎஃப் 38னு நிக்கும். 20 பேர்தானே இருந்தாங்க, 40 பேர் எங்க இருந்து வந்தாங்க? சரியா போட்டா டிஎஃப் 19 வரணும். ஒரு ஆளுக்கு ஒரு ரோ, முன்னாடி ஸ்கோர் ஒரு காலம், பின்னாடி ஸ்கோர் அடுத்த காலம். இதை மாத்தின உடனே ரிசல்ட்டே மாறி போறதை பாக்கலாம், ஏன்னா சிலருக்கு இயல்பாவே ஸ்ட்ரெஸ் 12, சிலருக்கு 34, அந்த பெரிய இடைவெளில ஒவ்வொருத்தருக்கும் கொறைஞ்ச மூணு நாலு பாயிண்ட் மூழ்கிப் போயிருந்தது, பேர்டு டெஸ்ட் ஒவ்வொருத்தரையும் அவங்களோடவே ஒப்பிடறதால அது வெளிய தெரியுது.

இன்னொண்ணு. நல்லா நம்பரா இருக்கற ஸ்கோரை நடுவுல வெட்டி "ஹை ஸ்ட்ரெஸ், லோ ஸ்ட்ரெஸ்"னு ரெண்டு குரூப்பா பண்ணி டி டெஸ்ட் போடற பழக்கம் இருக்கு. 20ல வெட்டினா 19 வாங்கினவரும் 21 வாங்கினவரும் எதிரெதிர் குரூப்பு ஆயிடறாங்க, 21ம் 38ம் ஒரே குரூப்பு ஆயிடுது. கஷ்டப்பட்டு சேத்த தகவலை நாமளே தூக்கி எறியறோம். கைடு வற்புறுத்தினா ஒழிய செய்யாதீங்க, வற்புறுத்தினாலும் கோரிலேஷனையும் சேத்து போட்டு பக்கத்துல வைங்க.

சராசரி வயசு கொஞ்சம் இடிக்குது

காலேஜ் பசங்க 40 பேர், எல்லாரும் 20 வயசு சுத்துல, சராசரி மட்டும் 24ன்னு வருது. ரெண்டு பேரு வயசு எழுதாம விட்டிருப்பாங்க, அங்க யாரோ 99 அடிச்சிருப்பாங்க. 38 பேருக்கு 20, ரெண்டு பேருக்கு 99, சராசரி 23.95. எஸ்பிஎஸ்எஸ்ல வேரியபிள் வியூ போயி மிஸ்ஸிங்ன்ற எடத்துல 99ன்னு சொன்னாத்தான் அதுக்கு தெரியும், தானா புரிஞ்சுக்காது. கூகுள் ஃபார்ம்ல எடுத்ததுன்னா ஒருத்தர் "20 வயது"ன்னு எழுதியிருப்பாரு, ஒருத்தர் 2004ன்னு பொறந்த வருஷத்தை போட்டிருப்பாரு. எந்த டெஸ்டுக்கும் முன்னாடி ஒவ்வொரு காலத்துக்கும் ஃப்ரீக்வென்சி டேபிள் ஒண்ணு எடுத்து கண்ணால ஓட்டிடுங்க, மினிமம் மேக்ஸிமம் ரெண்டும் இருக்க வேண்டிய எல்லைக்குள்ள இருக்கான்னு பாருங்க. ஆண் 1, பெண் 2ன்னு நம்பர் குடுத்துட்டு "சராசரி பாலினம் 1.4"ன்னு டேபிள்ல வச்சிருந்தா அதையும் எடுத்துடுங்க, அங்க எண்ணிக்கையும் சதவீதமும்தான் வரணும்.

க்ரான்பாக் ஆல்ஃபா மைனஸ்ல வருது, இல்ல 0.2ன்னு வருது

ஒரு ஸ்கேல்ல இருக்கற கேள்விங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு சொல்ற நம்பர்தான் ஆல்ஃபா. அது கீழ போனா முக்கால்வாசி நேரம் காரணம் ஒண்ணுதான், ரிவர்ஸ் ஸ்கோரிங் (எதிர்ப்பக்கம் கேக்கற கேள்வியோட ஸ்கோரை திருப்பறது) பண்ணல. நம்ம ஊரு புராஜெக்ட்ல அடிக்கடி வர்ற பெர்சீவ்டு ஸ்ட்ரெஸ் ஸ்கேலை எடுத்துக்கோங்க, 10 கேள்வி, அதுல 4, 5, 7, 8 நல்ல விதமா கேக்கற கேள்விங்க, எல்லாம் நல்லபடியா போகுதுன்னு தோணுச்சா அப்படின்ற மாதிரி. அதுக்கு அதிகம்னு சொன்னா ஸ்ட்ரெஸ் கம்மின்னு அர்த்தம். திருப்பாம விட்டா ஆறு கேள்வி மேல போகும்போது நாலு கேள்வி கீழ போகும், ஆல்ஃபா எப்படி நிக்கும்?

திருப்பற வழி: ஸ்கேலோட மினிமமும் மேக்ஸிமமும் கூட்டி அதுல இருந்து ஸ்கோரை கழிக்கணும். இந்த ஸ்கேல் 0ல இருந்து 4 வரை, அதனால 4ல இருந்து கழிக்கணும். இங்கதான் கூகுள் ஃபார்ம் காலை வாரிவிடும், நெறைய பேரு ஃபார்ம்ல 1 முதல் 5ன்னு வச்சிடறாங்க, அப்போ 6ல இருந்து கழிக்கணும். அதை விட முக்கியம், 1 முதல் 5 வச்சு கூட்டினா மொத்தம் 10ல இருந்து 50 வரை போகும், ஒரிஜினல் மொத்தம் 0ல இருந்து 40. உங்க 50க்கு இருக்கற மொத்தத்தை 40க்கு போட்ட நார்ம்ஸோட (ஒப்பிட்டுப் பாக்க ஏற்கனவே எடுத்து வச்ச அளவுகளோட) ஒப்பிட்டு "எங்க சாம்பிள்ல ஸ்ட்ரெஸ் ரொம்ப அதிகம்"னு எழுதினா அது பத்து பாயிண்ட் சும்மாவே ஏத்தி எழுதினது. எல்லா கேள்வில இருந்தும் ஒண்ணு கழிச்சிட்டு ஆரம்பிங்க.

ஒரிஜினல் காலத்துக்கு மேலயே திருப்பி எழுதாதீங்க, புது காலம் போட்டு பேருக்கு பின்னால ஆர்னு வைங்க. இல்லன்னா ரெண்டு நாள் கழிச்சு திருப்பினோமா இல்லையான்னு மறந்து மறுபடி திருப்பிடுவீங்க, பழைய எடத்துக்கே வந்துடும். ஜமோவில ரிலையபிலிட்டி போட்டா எந்த கேள்வி எதிர்ப்பக்கம் ஓடுதுன்னு கீழ ஒரு குறிப்பாவே சொல்லும். இலவசம் வேற, அதனால எஸ்பிஎஸ்எஸ் டிரையல் முடிஞ்சுடுச்சுன்னு கிராக் தேடி வைரஸ் ஏத்திக்கறதுக்கு பதிலா அதை இறக்கிக்கோங்க.

டி டெஸ்ட் அவுட்புட்ல ரெண்டு வரி இருக்கு

எஸ்பிஎஸ்எஸ்ல, ரெண்டு குரூப்போட சிதறலும் ஒரே மாதிரியான்னு பாக்கற லெவீன் டெஸ்ட் பக்கத்துல இருக்கற சிக்னிஃபிகன்ஸ் (பி வேல்யூ, விளக்கம் அடுத்து வருது) 0.05க்கு கீழன்னா கீழ் வரி, மேலன்னா மேல் வரி, இதுதான் கிளாஸ்ல சொல்லித்தர்றது, எக்ஸாம்லயும் இதையே எழுதுங்க. சொந்த புராஜெக்டுக்கு, ரெண்டு குரூப்புலயும் ஆள் எண்ணிக்கை வேற வேறன்னா, லெவீனை பாக்காமலே கீழ் வரியை, அதாவது வெல்ச் டெஸ்டை எடுத்துக்கலாம்னு சொல்றவங்க இப்ப நெறைய பேரு, எனக்கும் அதுதான் சரின்னு படுது. அங்க டிஎஃப் 53.7ன்னு புள்ளி வச்சு வரும், தப்பு இல்ல.

பி வேல்யூ 0.000ன்னு வந்திருக்கு, இதுக்கு என்ன அர்த்தம்

மூணு இடத்துக்கு மேல காட்டாததால அப்படி தெரியுது, பூஜ்யம்னு எழுதாதீங்க, 0.001க்கும் கம்மின்னு எழுதணும். அது சுலபம். கஷ்டமானது பி வேல்யூன்னா என்னன்னு சொல்றது. உண்மையில ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்லன்னு வச்சுக்கிட்டா, நமக்கு கெடைச்ச அளவுக்கோ அதை விட அதிகமாவோ வித்தியாசம் சும்மா தற்செயலா வர்றதுக்கு எவ்ளோ வாய்ப்பு, அதுதான். "என் ஹைபாதெசிஸ் சரியா இருக்க 95 சதவீதம் வாய்ப்பு"ன்றது இல்ல. "வித்தியாசம் பெருசு"ன்றதும் இல்ல. இது புரியலன்னு வெக்கப்பட வேண்டாம், 2002ல ஜெர்மனி பல்கலைக்கழகங்கள்ல ஹாலர், கிராவுஸ்னு ரெண்டு பேரு பி வேல்யூ பத்தி ஆறு தப்பான வாக்கியத்தை குடுத்து கேட்டப்போ, ஸ்டாட்ஸ் சொல்லிக்குடுக்கறவங்கள்லயே 80 சதவீதம் பேரு ஒண்ணையாவது சரின்னு டிக் பண்ணாங்க. மேல சொன்ன வரையறையை "வித்தியாசமே இல்லன்னு வச்சுக்கிட்டா"ன்னு ஆரம்பிச்சு வாய்விட்டு சொல்லிப் பழகுங்க. அந்த முதல் பாதி விட்டுப் போனா மீதி பூராவும் தப்பாயிடும்.

பி இதுக்கு கீழ வந்தா சிக்னிஃபிகன்ட்னு எடுத்துக்கற 0.05ன்றதும் வானத்துல இருந்து எறங்கினது இல்ல, 1925ல ஃபிஷர் தன் புத்தகத்துல வசதியா இருக்குன்னு எடுத்துக்கிட்ட அளவு. வித்தியாசம் எவ்ளோ பெருசுன்னு தெரியணும்னா எஃபெக்ட் சைஸ் பாக்கணும், ரெண்டு சராசரிக்கு அது கோஹென் டி, ஜேக்கப் கோஹென் சொன்னபடி 0.2 சின்னது, 0.5 நடுத்தரம், 0.8 பெருசு, இதையும் ஒரு தோராயமாத்தான் அவரே குடுத்தாரு. ஸ்ட்ரெஸ் ஸ்கேல் போட்ட கோஹென் ஷெல்டன் கோஹென், வேற ஆளு. வைவால ரெண்டு பேரையும் ஒருத்தராக்கிடாதீங்க.

பி 0.06 வந்துடுச்சு, கைடு 0.05க்குள்ள கொண்டு வர சொல்றாங்க

கொண்டு வராதீங்க. இன்னும் பத்து பேரை சேத்து பாக்கறது, ரெண்டு பேரை அவுட்லையர்னு (மத்தவங்களை விட ரொம்ப தள்ளி நிக்கறவங்கன்னு) தூக்கறது, ஆண் பெண்ணுன்னு பிரிச்சு எதுலயாவது வருதான்னு தேடறது, இதெல்லாம் சாதாரண வேலை மாதிரி தெரியும். 2011ல சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சான் மூணு பேரும் இந்த மாதிரி நாலு சலுகையை ஒண்ணா எடுத்துக்கிட்டா என்ன ஆகும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டினாங்க, இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்ற தப்பு 5 சதவீதத்துல இருந்து 60 சதவீதத்தை தாண்டிப் போச்சு. சாதாரண கணக்காவே பாருங்க, ஒண்ணுமே இல்லாத டேட்டால தனித்தனியா 20 டெஸ்ட் ஓட்டினா ஒண்ணாவது சிக்னிஃபிகன்ட்டா வர்றதுக்கு 64 சதவீதம் வாய்ப்பு. 2015ல சைக்காலஜி ஆராய்ச்சி 100ஐ எடுத்து திரும்ப செஞ்சு பாத்தப்போ, முதல்ல 97 சதவீதம் சிக்னிஃபிகன்ட்டா இருந்தது, திரும்ப செஞ்சப்போ 36 சதவீதம்தான் நின்னுச்சு. நாம படிக்கற துறைக்கு அது பெரிய அடி, அதுக்கு இந்த பழக்கமும் ஒரு காரணம்.

கைடுகிட்ட மரியாதையாவே சொல்லலாம்: "மேம், 0.06ன்னே போடறேன், எஃபெக்ட் சைஸும் கான்ஃபிடன்ஸ் இன்டர்வலும் சேத்து போடறேன், சாம்பிள் பத்தலன்னு லிமிடேஷன்ல எழுதிடறேன்." நெறைய பேரு ஒத்துக்குவாங்க. சிக்னிஃபிகன்ட் இல்லன்னா "ரெண்டு குரூப்பும் ஒண்ணு"ன்னு மட்டும் எழுதிடாதீங்க, வித்தியாசம் இருக்குன்னு காட்ட இந்த டேட்டா போதல, அவ்ளோதான் சொல்ல முடியும்.

கோரிலேஷன் பூஜ்யம் கிட்ட வருது, ஆனா ஏதோ இருக்கற மாதிரியே தோணுது

ஒவ்வொரு ஆளையும் ஒரு புள்ளியா காட்டற ஸ்கேட்டர் பிளாட் போடுங்க, வேற எதுவும் செய்யறதுக்கு முன்னாடி. பியர்சன் கோரிலேஷன் நேர்கோட்டைத்தான் தேடும். பதட்டம் ரொம்ப கம்மின்னாலும் மார்க் கம்மி, ரொம்ப ஜாஸ்தின்னாலும் மார்க் கம்மி, நடுவுல நல்லா இருக்குன்னா புள்ளிங்க கவுத்து வச்ச யூ மாதிரி நிக்கும், ஏறுறதும் எறங்கறதும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு கோரிலேஷன் பூஜ்யம் பக்கம் வந்துடும். 1908ல யெர்க்ஸ், டாட்சன் சுண்டெலிங்களை வச்சு எழுதினதுல இருந்து வளந்ததுதான் இந்த வடிவம், ஜெனரல் சைக்காலஜி பேப்பர்லயே படிச்சிருப்பீங்க, ஸ்டாட்ஸ் பேப்பர்ல வரும்போது அதை மறந்துடக்கூடாது. எதிர்ப்பக்கமும் நடக்கும், ஒரே ஒரு ஆளு ஓரமா நின்னுக்கிட்டு மொத்த கோரிலேஷனையும் தூக்கிக் காட்டுவாரு. 1973ல ஆன்ஸ்கோம்ப் நாலு டேட்டா செட் போட்டு காட்டினாரு, நாலுலயும் ஒரே சராசரி, ஒரே கோரிலேஷன், 0.816, படம் போட்டா நாலும் நாலு தினுசு. அதை ஒரு தடவை நீங்களே டைப் பண்ணி படம் போட்டுப் பாருங்க.

அவுட்புட் இருக்கு, எழுதத்தான் வரல

டேபிளை அப்படியே காப்பி பண்ணி ஒட்டாதீங்க. முதல்ல மனுஷங்க பேசற மாதிரி ஒரு வரி எழுதுங்க: ஹாஸ்டல் பசங்களுக்கு ஸ்ட்ரெஸ் வீட்டுல இருந்து வர்றவங்களை விட அதிகம். அப்புறம் ரெண்டு சராசரி, ரெண்டு டீவியேஷன். கடைசில டெஸ்ட்: டி மதிப்பு 2.41, டிஎஃப் 58, பி 0.019, கோஹென் டி 0.62. இந்த நாலு நம்பரும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்டது, தனித்தனியா கற்பனை பண்ண முடியாது. குரூப்புக்கு 30 பேர்னா 2.41ஐ 0.258 ஆல பெருக்கினா 0.62 வரணும், அந்த 0.258ன்றது 30ல ஒண்ணும் 30ல ஒண்ணும் கூட்டி ரூட் எடுத்தது. வரலன்னா எங்கயோ டைப்பிங்ல தப்பு. டிஎஃப்பும் அப்படித்தான், 58ன்னா 60 பேர் கணக்குல வந்திருக்காங்க, மெத்தட் சாப்டர்ல 64 பேர்னு எழுதியிருந்தீங்கன்னா அந்த நாலு பேரு எந்த காலத்துல பதில் எழுதாம விட்டாங்கன்னு இப்பவே தேடி ஒரு வரி எழுதி வைங்க, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முதல்ல அந்த ரெண்டு நம்பரைத்தான் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாங்க.